ஓமனுக்கு முதல் பயணம்: திட்டத்தை வெள்ளிக்கிழமையில் தொடங்குங்கள்

ஓமனுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் விமான டிக்கெட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மலிவாகக் கிடைத்த தேதியில் டிக்கெட், மஸ்கட்டில் ஐந்தாறு இரவுக்கு ஹோட்டல், மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். இறங்கிய பிறகுதான் சிக்கல் தெரிகிறது. பார்க்க ஆசைப்பட்ட பச்சைநீர்க் குளங்களும் மலைக் கிராமங்களும் மணல்மேடுகளும் மஸ்கட்டிலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. சூர், நிஸ்வா, சலாலா போன்ற ஊர்களுக்கு அரசு நிறுவனமான முவாசலாத்தின் பேருந்து உண்டு. ஆனால் ஊரிலிருந்து மலைக்கோ குளத்துக்கோ போக அதில் வழியில்லை. ஓமன் பயணத்தில் முதலில் முடிவாக வேண்டியவை பருவம், கிழமை, வண்டி. டிக்கெட்டும் ஹோட்டலும் அவற்றுக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

எப்போது போவது

வட ஓமனுக்கு அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை மஸ்கட்டில் பகல் வெப்பம் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இரவிலும் புழுக்கம் குறையாது. அந்த மாதங்களில் டிக்கெட்டும் ஹோட்டலும் மலிவாகக் கிடைக்கக் காரணம் அதுதான்.

தெற்கே சலாலாவின் கணக்கு வேறு. ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் பிற்பகுதி வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்குள்ள மலைகளில் மோதி, தூறலும் மூடுபனியுமாக ஊரே பச்சையாகிவிடும். கரீஃப் என்று சொல்லும் இந்தப் பருவத்தில் வளைகுடா நாடுகளெங்கிலும் இருந்து குடும்பங்கள் வந்து குவியும். சலாலா மஸ்கட்டிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். நடுவில் பெரும்பகுதி வெறும் சமவெளி. ஒரு வாரப் பயணத்தில் இரண்டையும் சேர்க்காதீர்கள். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் உள்நாட்டு விமானத்தில் போங்கள்.

இன்னொரு தேதியையும் பார்த்துவிடுங்கள். ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னே நகர்கிறது. 2026இல் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது, 2027இல் பிப்ரவரி முதல் பாதியில். இரண்டுமே நல்ல பருவத்தின் நடுவில் வருகின்றன. நோன்பு மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் புகைப்பதும் சட்டப்படி தவறு, வெளிநாட்டவருக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலான உணவகங்கள் பகலில் மூடியிருக்கும். கோட்டைகளும் அலுவலகங்களும் நேரத்தைக் குறைக்கும். அந்தி சாய்ந்த பிறகு கடைத்தெருக்கள் நள்ளிரவு தாண்டியும் கலகலப்பாக இருக்கும் என்பதால் சிலர் விரும்பியே இம்மாதத்தில் வருவார்கள். முதல் பயணத்துக்கு வேறு மாதம் பார்ப்பது நல்லது.

கிழமைக் கணக்கு

ஓமனில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை காலை பெரும்பாலான கடைகள் திறக்காது. மஸ்கட்டின் சுல்தான் கபூஸ் பெரிய பள்ளிவாசலில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சனி முதல் வியாழன் வரை காலை 8 மணியிலிருந்து 11 மணி வரைதான் அனுமதி, வெள்ளியன்று கிடையாது. ஆனால் நிஸ்வாவின் ஆட்டுச்சந்தை வெள்ளிக்கிழமை காலையில்தான் கூடுகிறது. ஆகவே வியாழன் இரவு நிஸ்வாவில் தங்குவது என்று முதலில் எழுதிவிட்டு, மற்ற நாட்களை அதிலிருந்து முன்னும் பின்னும் நிரப்புங்கள்.

சனி இரவு இறங்கினால் இப்படி அமையும். ஞாயிறு காலை பெரிய பள்ளிவாசல், மாலை மத்ரா கடைத்தெரு. திங்கள் கடற்கரை நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 120 கிலோமீட்டரில் பிம்மா பள்ளக்குளம், அதைத் தாண்டி வாதி ஷாப் பள்ளத்தாக்கு, இரவு சூரில். அன்றிரவே ராஸ் அல் ஜின்ஸ் ஆமைக் காப்பகத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம். செவ்வாய் வாதி பனீ காலித் வழியாக ஷர்கியா மணற்பரப்பு, இரவு பாலைவன முகாம். புதன் இப்ரா வழியாக நிஸ்வா. வியாழன் ஜபல் அக்தர் மலை. வெள்ளி காலை சந்தை, பிற்பகல் பஹ்லா, ஜப்ரீன் கோட்டைகள். சனி மிஸ்ஃபா அல் அப்ரியீன் கிராமம் பார்த்துவிட்டு, நிஸ்வாவிலிருந்து 160 கிலோமீட்டரில் உள்ள மஸ்கட்டுக்குத் திரும்பலாம். இதைவிட நெருக்கமாக அடைத்தால் காரில் உட்கார்ந்திருப்பதே பயணமாகிவிடும்.

எந்த வண்டி

மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாதாரணச் சின்னக் கார் போதும். சாலைகள் அருமையானவை. ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேவைப்படுவது மலைக்கும் மணலுக்கும்தான். ஜபல் அக்தருக்கு ஏறும் சாலை முழுக்கத் தார் போட்டதுதான். ஆனாலும் அடிவாரத்தில், பிர்கத் அல் மவ்ஸ் ஊரைத் தாண்டியதும், காவல் சாவடியில் வண்டியையும் ஓட்டுநர் உரிமத்தையும் பார்த்து, ஃபோர் வீல் டிரைவ் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம் ஏற்றம் அல்ல, இறக்கம். அந்தச் சரிவு நீளமானது. ஆட்டோமேட்டிக் கியரை ‘டி’யிலேயே விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, பாதி வழியில் பிடிப்பு போய்விடும். ‘எல்’ அல்லது 2ஆம் கியருக்கு மாற்றி இன்ஜினின் இழுவையிலேயே இறங்க வேண்டும். பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்காகவே சாலையோரம் சரளை மேடுகள் கட்டிவைத்திருக்கிறார்கள்.

செலவைக் குறைக்க நல்ல வழி இது: பயணம் முழுதும் சின்னக் கார் எடுங்கள். வியாழக்கிழமை மலைக்கு மட்டும் நிஸ்வாவில் ஓட்டுநரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். பாலைவன முகாமுக்குப் பதிவு செய்யும்போதே, மணற்பரப்பின் ஓரத்து ஊர்களான பிதியா அல்லது அல் வாசிலில் காரை நிறுத்தினால் அழைத்துப்போவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலான முகாம்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நான்கு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம் (200, 250 என்று வரம்பு இருக்கும், மேலே சொன்ன சுற்றில் ஓரிரு நாள் அதைத் தொடும்). விபத்தானால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் காப்பீடு செல்லுமா (பெரும்பாலும் செல்லாது). டெபாசிட்டை எந்த அட்டையில் பிடிப்பார்கள். டெபிட் கார்டை ஏற்காத நிறுவனங்கள் அதிகம், ஆகவே ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். சக்கர விளிம்பு, முன்கண்ணாடி, கூரை எதையும் விடாதீர்கள். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் டிக்கியைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

உரிமம்: தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குச் செல்லும். அசல் உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். அனுமதிப் புத்தகம் மட்டும் தனியாகச் செல்லாது.

விசா

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வழிகள் இவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்புரிமையோ இருந்தால் 14 நாள் வரை விசா இல்லாமல் போகும் சலுகை உண்டு. திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, மருத்துவக் காப்பீடு மூன்றும் கையில் இருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாதவர்கள் ஓமனில் உரிமம் பெற்ற பயண நிறுவனம் அல்லது ஹோட்டல் மூலம் சுற்றுலா விசா எடுப்பது வழக்கம். அரசுக் கட்டணம் 10 நாளுக்கு 5 ரியால், 30 நாளுக்கு 20 ரியால். முகவர் தன் கூலியை அதன்மேல் சேர்ப்பார். அரசுக் கட்டணம் எவ்வளவு, தன் கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் வாரத்திலேயே ராயல் ஓமன் போலீஸின் இ-விசா தளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சலுகையில் போவதாக இருந்தால் விமான நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வையுங்கள். உங்களை முதலில் நிறுத்தப்போவது மஸ்கட் அதிகாரி அல்ல, இங்கே போர்டிங் பாஸ் கொடுப்பவர்தான். கடவுச்சீட்டு போகும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்ல வேண்டும். அனுமதித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளொன்றுக்கு 10 ரியால் அபராதம்.

பணம்

ஓமன் ரியால் டாலரோடு கட்டப்பட்ட நாணயம்: ஒரு ரியாலுக்குச் சுமார் 2.60 டாலர். ஒரு ரியாலில் 1,000 பைசா. தடுமாற்றம் அங்கேதான். விலைப்பட்டியலில் 0.500 என்றால் 500 பைசா, அதாவது அரை ரியால். நம் ஊர்ப் பைசாவாக நினைத்து அலட்சியமாகக் கொடுத்துவிடாதீர்கள். நூறு ரூபாய்க்கு மேல் அது. 1.500 என்று இருப்பதை ஆயிரத்து ஐந்நூறு என்று படித்து மிரளவும் வேண்டாம்.

வளைகுடாவில் வேலைபார்த்த மாமாவோ அண்ணனோ பத்திரமாக வைத்திருந்த பழைய ரியால் தாள்களைக் கொடுத்தனுப்பினால் நம்பிப் போகாதீர்கள். பழைய வரிசைத் தாள்கள் பலவற்றை ஓமன் மத்திய வங்கி 2024ஆம் ஆண்டு முடிவோடு செல்லாதவையாக்கிவிட்டது.

நகரங்களில் அட்டை எல்லா இடத்திலும் எடுக்கும். பெட்ரோல் பங்க், வாதி ஷாப் படகு, கிராமத்துக் கடை ஆகியவற்றுக்குச் சில்லறை வேண்டும். 1 ரியால், அரை ரியால் தாள்களாக 30 ரியால் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் கால் ரியாலுக்குள்தான். சாப்பாட்டுச் செலவும் கையைக் கடிக்காது. சின்ன ஊரிலும் மலையாளிகள் நடத்தும் ‘காஃபி ஷாப்’ ஒன்று இருக்கும். பரோட்டா, முட்டை, பருப்பு, கரக் சாயா கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கடைகள்தான் துணை. மஸ்கட்டுக்கும் நிஸ்வாவுக்கும் வெளியே சைவ உணவு கிடைப்பது குறைவு என்பதால், காலையில் கிளம்பும்போதே மதியத்துக்கும் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வைப்பதும் வைக்கக்கூடாததும்

கசகசா வேண்டாம். அமீரகம் போன்ற வளைகுடா நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள். அது கலந்த மசாலாப்பொடியும் வேண்டாம். ட்ரமடால், கோடீன் உள்ள வலிமருந்துகள், இருமல் மருந்துகள், தூக்க மாத்திரைகள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. தவிர்க்க முடியாதென்றால் முன்னதாகவே அனுமதி விவரம் கேட்டு, மருத்துவர் கடிதத்தோடு, அசல் பெட்டியிலேயே, தேவையான அளவு மட்டும் கொண்டுபோங்கள். “அங்கே இருக்கிற எங்க தம்பிகிட்ட இதை மட்டும் குடுத்துடுங்க” என்று யாராவது தரும் ஒட்டிய பொட்டலத்தை வாங்கவே கூடாது. உள்ளே இருப்பதற்கு முழுப்பொறுப்பு உங்களுடையது. முகம் முறிந்தாலும் மறுத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் ட்ரோன் கொண்டுபோவதும் சிக்கல்.

ஆண், பெண் இருபாலரும் தோளும் முழங்காலும் மறைய உடுத்துவது மரியாதை. பெரிய பள்ளிவாசலுக்கு அது போதாது. பெண்களுக்குத் தலைமுடி, மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை கால் மறைய வேண்டும். ஒட்டாத, மெல்லியதல்லாத துணி. பெரிய துப்பட்டாவும் முழுக்கைச் சல்வாரும் சரியாக இருக்கும். புடவையில் இடுப்பு தெரியும் என்பதால் வாசலில் நிறுத்தக்கூடும். 2001இல் திறந்த இந்தப் பள்ளிவாசலின் தொழுகைக்கூடத்தை 70 மீட்டர் நீளமும் 60 மீட்டருக்கு மேல் அகலமும் உள்ள ஒரே கம்பளம் மூடியிருக்கிறது. நெய்து முடிக்க நான்காண்டு ஆனதாம். 11 மணிக்கு வெளியேற்றிவிடுவார்கள். எட்டுக்கே போய்விடுங்கள்.

மூன்று துளை, தடித்த செவ்வகக் காலுள்ள பிரிட்டிஷ் பிளக்குக்கான அடாப்டர், வழுக்காத நீர்ச்செருப்பு, கைபேசியை மூட ஒரு நீர்புகாப் பை, மலையிரவுக்கு ஒரு ஸ்வெட்டர் ஆகியவையும் தேவைப்படும்.

சாலையில்

நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம். நேர்ச்சாலையில் அரைமணியில் பழகிவிடும். ஆபத்து ரவுண்டானாவில். வண்டிகள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முதல் உரிமை. இடப்பக்கம் பார்த்து, இடைவெளி வந்த பிறகே நுழையுங்கள். இரவு விமானத்தில் இறங்கித் தூக்கக்கலக்கத்தோடு காரை எடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. அன்றிரவு டாக்சியில் போய்ப் படுத்துவிட்டு, மறுநாள் சாவி வாங்குங்கள்.

நெடுஞ்சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை போகலாம். வேகக்கேமரா நெடுகிலும் இருக்கிறது. அபராதம் வாடகை நிறுவனம் வழியாக உங்கள் அட்டைக்கு வந்து சேரும். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டாதீர்கள். ஒட்டகம் சாலையில் ஏறும். அதன் கால் பம்பர் உயரத்தில் அடிபட, கனத்த உடல் நேராக முன்கண்ணாடி மீது சரியும். உயிர்பிழைப்பது கடினம். சின்னக் கீறலானாலும் போலீஸ் அறிக்கை வாங்க வேண்டும். அது இல்லாமல் காப்பீடு கிடைக்காது, பட்டறையும் தொடாது. அவசர எண் 9999.

வாதியில் தண்ணீர் வரும் விதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதானால் இதை வையுங்கள். வாதி என்பது காட்டாற்றுப் படுகை. ஆண்டில் பெரும்பாலான நாள் காய்ந்தோ, குளம்குளமாகத் தேங்கியோ கிடக்கும். மேலே மலையில் மழை பெய்தால் வெறும் பாறை நீரை உறிஞ்சுவதில்லை. அத்தனையும் ஒரே பள்ளத்தாக்கில் திரண்டு, நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்துக்கிடக்கும்போதே, சில நிமிடங்களில் செம்பழுப்பு வெள்ளமாக வந்துவிடும். ஆண்டுதோறும் உயிர் போவது இப்படித்தான். முதல்நாள் இரவும் புறப்படும் காலையிலும் ஓமன் வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். மலைப்பக்கம் மேகம் திரண்டால் அன்று வாதி வேண்டாம். சாலை வாதியைக் கடக்கும் இடங்களில் அளவுக்கம்பங்கள் நட்டிருக்கும். நீர் சிவப்பைத் தொட்டால் கடக்கக்கூடாது. ஓடும் வெள்ளத்தில் தெரிந்தே வண்டியை இறக்குவது அங்கே சிறைத்தண்டனைக்குரிய குற்றமும்கூட.

நல்ல நாளில் வாதி ஷாப் ஓமனின் மிக அழகான இடங்களில் ஒன்று. நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியிலிருந்து படகு அக்கரைக்குக் கொண்டுவிடும், போகவர 1 ரியால். பிறகு பேரீச்சந்தோப்பு, பாசனக் கால்வாயின் ஓரம், உருளைப் பாறைகள் என்று முக்கால் மணி நடை. நடை முடியும் இடத்தில் நீச்சல் தொடங்கும். கடைசிக் குளத்தில் பாறைப் பிளவு ஒன்று தலை மட்டும் நுழையும் அகலத்தில் இருக்கும். அதன் வழியே உள்ளே போனால் குகைக்குள் அருவி கொட்டும். நீந்தத் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போகவே கூடாது. அதோடும் பிளவுக்கு முன்னால் நின்றுவிடலாம், அதுவரையிலான நீரே போதுமான அழகு. நீந்தும்போதும் டி-சர்ட்டும் முழங்கால் மறையும் கால்சட்டையும் போட்டிருங்கள். வெள்ளி, சனியில் உள்ளூர்க் கூட்டம் அதிகம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆமை, மணல், சந்தை

ராஸ் அல் ஜின்ஸில் பச்சை ஆமைகள் ஆண்டு முழுதும் கரையேறி முட்டையிடும், கோடையில் மிக அதிகம். குளிர்காலத்தில் ஓரிரண்டு தென்பட்டாலே நல்ல இரவு. வழிகாட்டியோடு மட்டுமே கரைக்குப் போகலாம். டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

மணலில் நீங்களே ஓட்டுவதாக இருந்தால், துணைக்கு இன்னொரு வண்டி இல்லாமல் இறங்காதீர்கள். டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் டயர் தரையில் பரவி, மணலில் புதையாமல் ஏறிப்போகும். நிறுத்தும்போது மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். சக்கரம் சுழன்றால் ஆக்சிலேட்டரை உடனே விடுங்கள். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை நிரப்பாமல் வேகம் எடுத்தால் டயர் வெடிக்கும்.

நிஸ்வா சந்தைக்குக் காலை 7 மணிக்குப் போய்விடுங்கள். ஒன்பதுக்குள் முடிந்துவிடும். நடுவில் மேடை, சுற்றிலும் வட்டப்பாதை. மேடையிலும் வெளிவிளிம்பிலும் வாங்குபவர்கள் உட்கார்ந்திருக்க, ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி விற்பவர் விலையைக் கூவிக்கொண்டே வட்டம் வருவார். யாராவது கைநீட்டினால் நின்று, பல்லையும் மடியையும் பார்க்கவிட்டு, மறுபடி நடப்பார். வழியை மறிக்காமல் ஓரமாக நில்லுங்கள். முகத்தைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். பெண்களை எடுக்காதீர்கள். போலீஸ், துறைமுகம், ராணுவக் கட்டடங்களும் வேண்டாம்.

யாராவது காவா தந்தால் வலக்கையால் வாங்குங்கள். ஏலக்காய் மணக்கும் கசப்புக் காப்பி, கூடவே பேரீச்சம்பழம். காலிக் கோப்பையை நீட்டினால் மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதுமென்றால் கோப்பையை லேசாக இருமுறை ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கிளம்பும் நாள்

வாங்கிவர நல்ல பொருள் குந்திரிக்கம். சலாலாவைச் சுற்றியுள்ள தோஃபார் மலைகளின் மரப்பிசின் அது. மங்கிய பழுப்பு மலிவு, பச்சைச் சாயலோடு கண்ணாடிபோலத் தெளிந்த துண்டு விலை கூடுதல். மத்ராவில் பேரம் பேசலாம், ஆனால் மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை பல கடைகள் மூடியிருக்கும். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது பெட்ரோல் அளவு, கிலோமீட்டர், புதிய கீறல் இல்லை என்ற குறிப்பு மூன்றையும் எழுதிய தாளில் ஊழியர் கையெழுத்து வாங்குங்கள். வேக அபராதம் பதிவாகத் தாமதமாகலாம் என்பதால் டெபாசிட்டை உடனே விடமாட்டார்கள். எத்தனை நாளில் வரும் என்று கேட்டு, அதுவரை அந்தத் தாளையும் முதல்நாள் எடுத்த வீடியோவையும் அழிக்காமல் வைத்திருங்கள்.